பிளாஸ்டிக் குழாய் பிறக்கும் முறையும், சங்கங்கள் அதனைக் கொள்முதல் செய்யும் முறையும்

இன்று நம் சங்க உறுப்பினர்களின் தொழிலில் பிளாஸ்டிக் குழாய் புகாத இடம் அரிது. உழவரின் கிணற்றிலிருந்து வயலுக்கு நீரைக் கொணர்வது பி.வி.சி. குழாய். வாழைக்கும் கரும்புக்கும் வேரடியில் சொட்டுச் சொட்டாக நீர் விடுவது கறுப்புப் பாலிதீன் குழாய். நெசவாளர் ஊடை நூலைச் சுற்றி நாடாவினுள் வைக்கும் தார் குழலும் பல ஊர்களில் பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. கதவு நிலைக்குப் பொருத்தும் பட்டை, மின்கம்பியை மூடும் உறை, கண்ணாடியின் ஓரத்தில் செருகும் ரப்பர் போன்ற வார் ஆகிய இவை யாவும் ஒரே முறையில் பிறப்பனவே. அம்முறையை அறிந்தவர் பொருளை வாங்கும்போது ஏமாறார். அறியாதவர் விலையை மட்டும் பார்த்து வாங்கிப் பின்னர் வருந்துவர். ஆதலின் அதனைச் சற்று விரிவாகக் கூற முற்படுகிறோம்.

ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உழவர் சங்கத்தின் கணக்குகளை நாம் ஆய்வு செய்ய நேர்ந்தது. சொட்டுநீர்ப் பாசனத்துக்கென உறுப்பினர் பலர்க்குச் சங்கம் கடன் கொடுத்திருந்தது. குழாயையும் சங்கமே மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தளித்திருந்தது. கடன் தவணைகள் நிலுவையில் நின்றன. காரணம் கேட்டபோது ஓர் உறுப்பினர் நம்மைத் தம் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். இரண்டு கோடையே கண்ட குழாய் அங்கே வரிசை வரிசையாகக் கிடந்தது. கையில் எடுத்து வளைத்தோம். காய்ந்த சோளத்தட்டை ஒடிவது போல அது ஒடிந்தது. "குழாய் போயிற்று, குழாய்க்கு வாங்கிய கடன் மட்டும் போகவில்லை, ஐயா," என்றார் அவர்.

சங்கத்துக்குத் திரும்பிக் கொள்முதல் கோப்பைப் பார்த்தோம். விலைப்புள்ளிகள் முறைப்படி கேட்கப்பட்டிருந்தன. மிகக் குறைந்த விலை ஏற்கப்பட்டிருந்தது. தீர்மானம் பதிவாகியிருந்தது. கணக்கில் ஒரு காசும் பிழையில்லை. ஆனால் கொள்முதல் உத்தரவில் பொருளைப் பற்றி இருந்தது ஒரே வரிதான்: "16 மில்லி மீட்டர் கறுப்புக் குழாய்." குழாயின் கனம் குறிக்கப்படவில்லை. தர எண் குறிக்கப்படவில்லை. விற்றவரைக் கேட்டபோது, "நீங்கள் கேட்டது 16 மில்லி மீட்டர், நாங்கள் கொடுத்ததும் 16 மில்லி மீட்டர்," என்று விடையிறுத்தார். அவர் கூற்றை மறுக்கச் சங்கத்தின் கையில் ஒரு தாளும் இல்லை. நட்டம் முழுவதும் உறுப்பினர் தலையில் விழுந்தது.

அந்த ஒரு வரி ஏன் போதாது என்பதை அறிய, குழாய் பிறக்கும் இடத்துக்கே செல்லவேண்டும்.

முறுக்கு அச்சும் பிழிவு இயந்திரமும்

நம் இல்லங்களில் முறுக்கு பிழியும் நாழியை அறியாதார் இலர். மாவை உள்ளே இட்டு மேலிருந்து அழுத்தினால், அடித்தகட்டிலுள்ள துளையின் வடிவத்திலேயே மாவு வெளிவருகிறது. துளை நட்சத்திர வடிவாயின் முள்ளு முறுக்கு. நீண்ட பிளவாயின் ரிப்பன் பகோடா. பிளாஸ்டிக் தொழிலின் பிழிவு முறையும் அடிப்படையில் இதுவே.

இம்முறை பிளாஸ்டிக்குக்கு முற்பட்டது. 1797-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா என்னும் பொறியாளர் ஈயத்தை அச்சின் வழியே அழுத்திக் குழாய் செய்யும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலாய் நாட்டு மரப்பாலாகிய கட்டாபெர்ச்சாவைச் செம்புக் கம்பியின்மேல் பிழிந்து மூடி, கடலடித் தந்திக்கம்பி செய்தனர். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே அத்தகைய கம்பி கடலினடியில் இடப்பட்டது. 1933-இல் இங்கிலாந்தில் பாலிதீன் கண்டுபிடிக்கப்பட்டது. 1935-ஐ ஒட்டி ஜெர்மனியில் பால் டிரோஸ்டர் என்பவர் பிளாஸ்டிக்குக்கென்றே ஒரு பிழிவு இயந்திரம் அமைத்தார். இன்றைய இயந்திரங்கள் யாவும் அதன் வழிவந்தவை.

எல்லாப் பிளாஸ்டிக்கும் பிழிவுக்கு ஏற்றதன்று. மெழுகை உருக்கலாம், ஆறியபின் மீண்டும் உருக்கலாம். சுட்ட மண்பானையோ மீண்டும் களிமண் ஆகாது. பிளாஸ்டிக்கிலும் இவ்விரு இனங்கள் உண்டு. மின்சாரச் சுவிட்சு செய்யும் பேக்கலைட் பானை இனம். பாலிதீன், பி.வி.சி., பாலிபுரோப்பிலீன், நைலான் ஆகியவை மெழுகு இனம். இந்த இரண்டாம் இனத்தையே குழாயாகவும் பட்டையாகவும் பெரும்பாலும் பிழிகின்றனர்.

இயந்திரத்தின் உறுப்புகள்

முறுக்கு நாழியில் மாவு தீர்ந்தவுடன் மீண்டும் நிரப்பவேண்டும். ஆலையிலோ பொருள் இடைவிடாது வரவேண்டும். அதற்காகவே மேலிருந்து அழுத்தும் உலக்கைக்குப் பதிலாகத் திருகு தண்டு வைத்தனர். நீண்ட எஃகு உருளையினுள் அதே நீளமுள்ள திருகு தண்டு சுழல்கிறது. அதன் நீளம் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 25 அல்லது 30 மடங்கு இருக்கும். ஒரு முனையிலுள்ள தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் குருணை அரிசி விழுவதுபோல் உள்ளே விழுகிறது. தண்டு அதனை முன்னே தள்ளுகிறது. உருளையைச் சுற்றி மின்சூடேற்றிகள் உள்ளன. எனினும், இயந்திரம் ஓடத் தொடங்கியபின் பெரும்பகுதி வெப்பம் தண்டு பொருளைத் தேய்த்துப் பிசைவதாலேயே உண்டாகிறது.

தண்டின் வரிப்பள்ளம் தொடக்கத்தில் ஆழமாகவும் போகப் போக ஆழம் குறைந்தும் இருக்கும். அதனால் குருணை நசுங்கி உருகி, இடையிலிருந்த காற்று பின்புறமாக வெளியேறி, தேன்போன்ற குழம்பாக முன்முனையை அடைகிறது. அங்கே ஒரு சல்லடையும் துளைத்தகடும் உள்ளன. அழுக்கும் உருகாத கட்டியும் அங்கே தடுக்கப்படும். அதன்பின் வருவதே டை என்று தொழிலில் வழங்கும் அச்சு.

தறியில் அச்சு எவ்வளவு முதன்மையானது என்பதை நெசவாளர்க்கு நாம் கூறவேண்டுவதில்லை. அச்சின் பல் எண்ணிக்கை தவறினால் துணியின் நெருக்கம் தவறும். பிழிவுத் தொழிலிலும் அச்சே பொருளின் தலைவிதி.

குழாய்க்கான அச்சில் வட்டத் துளையின் நடுவே ஒரு தண்டு நிற்கவேண்டும். அப்போதுதான் உள்ளீடற்ற குழாய் வரும். அந்நடுத்தண்டு அந்தரத்தில் நிற்காது. பெரும்பாலான அச்சுகளில் மூன்று நான்கு கால்கள் அதனைத் தாங்குகின்றன. குழம்பு அக்கால்களைச் சுற்றிப் பிரிந்து சென்று, அப்பால் மீண்டும் ஒன்று கூடுகிறது. வெப்பமும் அழுத்தமும் போதுமாயின் தழும்பின்றி ஒன்றுபடும். குறைவாயின் ஒட்டு வலுவற்று நிற்கும். ஒரு குழாய் நெடுக, நேர்க்கோட்டில் கீறிக்கொண்டு பிளந்தால், அது பெரும்பாலும் அந்த ஒட்டு விட்ட இடமேயாகும்.

வெப்பத்தை ஆள்வது பெரும் பொறுப்பு. கட்டியான பி.வி.சி.யை ஏறத்தாழ 170 முதல் 200 பாகை செல்சியசுக்குள் பிழிவர். அதற்குமேல் மிகுந்தால் அது மஞ்சளாகிப் பழுப்பாகி, அமில ஆவியைக் கக்கிச் சிதையும். இதனைத் தடுக்க நிலைப்படுத்தும் பொருள் சேர்ப்பர். முன்னர் ஈய உப்புகளையே மிகுதியும் சேர்த்தனர். குடிநீரில் ஈயம் கசிவது தீங்காதலால், 2021-இல் மத்திய அரசு பி.வி.சி. குழாயில் ஈய நிலைப்படுத்திகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. குடிநீருக்குக் குழாய் வாங்கும் சங்கங்கள் ஈயமற்ற குழாய் என்பதை எழுத்தில் பெறவேண்டும்.

அளவு எங்கே நிர்ணயமாகிறது?

இப்பகுதியை உறுப்பினர்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். நம் அனுபவத்தில் கண்ட நட்டத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

அச்சிலிருந்து வெளிவரும் குழாய் இன்னும் மென்மையானது, தொட்டால் குழையும். அது அளவுக் குழல் என்னும் பித்தளைக் குழலினுள் நுழைகிறது. அதனைச் சுற்றியுள்ள தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சுகின்றனர். அந்த உறிஞ்சலால் குழாயின் வெளிப்புறம் அளவுக் குழலோடு ஒட்டி நிற்க, நீர் அதனைக் குளிர்விக்கிறது. அப்பால் இரு வார்ப்பட்டைகள் குழாயைக் கவ்விச் சீராக இழுத்துச் செல்கின்றன. பின்னர் கட்டிக்குழாய் துண்டாக அறுக்கப்படுகிறது. வளையும் குழாய் சுருளாகச் சுற்றப்படுகிறது.

ஆகவே குழாயின் வெளி விட்டத்தை நிர்ணயிப்பது அளவுக் குழல். அது மாறாதது. குழாய்ச் சுவரின் கனத்தை நிர்ணயிப்பதோ, தண்டு தள்ளும் வேகத்துக்கும் வார் இழுக்கும் வேகத்துக்கும் உள்ள பொருத்தம். இழுக்கும் வேகத்தைச் சிறிது கூட்டினால் போதும். வெளி விட்டம் 16 மில்லி மீட்டராகவே இருக்கும்; கனம் மட்டும் குறையும். அதே குருணையில் கூடுதல் நீளம் கிடைக்கும். "16 மில்லி மீட்டர்" என்னும் ஒரு வரி ஏன் போதாது என்பது இப்போது விளங்கும்.

நெசவாளர்க்கு இதன் மறுபக்கம் வேண்டும். ஒரு சங்கத்தில் தார் குழலுக்கெனக் குழாய் வாங்கித் துண்டாக்கினர். வெளி விட்டம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருந்தது. ஆனால் இராட்டைக் கதிரில் சில குழல்கள் இறுகின. சில வழுக்கிச் சுழன்றன. நூல் தளர்ந்து, நெய்யும்போது தார் குலைந்தது. காரணம் எளிது. வெளிப்புறம் அளவுக் குழலால் கட்டுண்டது. சுவரின் கனத்திலுள்ள பிழை முழுவதும் உள் துளையில் போய்ச் சேர்ந்தது. கனத்தில் 0.2 மில்லி மீட்டர் பிழையாயின், உள் விட்டத்தில் 0.4 மில்லி மீட்டர் பிழை. கதிரில் பொருந்தவேண்டிய பொருளுக்கு உள் விட்டத்தையும், எவ்வளவு ஏற்றத்தாழ்வு ஏற்கத்தக்கது என்பதையும் உத்தரவில் எழுதவேண்டும்.

வடிவப் பட்டைகள்

வட்டக் குழாய் எளியது. சதுரம், கோணம், பள்ளம், செருகு உதடு ஆகியவற்றைக் கொண்ட பட்டைகளே கடினமானவை. உருகிய பிளாஸ்டிக் அச்சைவிட்டு வெளிவந்தவுடன், அழுத்தம் நீங்கியதால் சற்றுப் பருக்கிறது. அப்பருமனும் எங்கும் ஒருபடித்தாக இராது. சதுரத் துளையில் பிழிந்தால் பக்கங்கள் தொந்தி தள்ளிய சதுரமே வரும். ஆதலால் நேரான சதுரம் வேண்டுமாயின் அச்சின் பக்கங்களை உட்குழிவாகச் செதுக்கவேண்டும். தடித்த பகுதி மெல்ல ஆறும்; மெல்லிய பகுதி விரைவில் ஆறும். அதனால் பட்டை முறுக்கிக்கொள்ளும். இவற்றை எதிர்நோக்கி அச்சைச் செய்து, ஓட்டிப் பார்த்து, திருத்தி, மீண்டும் ஓட்டிப் பார்ப்பது அச்சுத் தச்சரின் கைத்திறன். தனி வடிவம் கேட்டால் அச்சுக்கென்று தனிக் கூலி கேட்பதன் காரணம் இதுவே. அது வீண் செலவன்று.

இங்கேதான் கூட்டுறவின் பயன் தெரிகிறது. ஓர் அச்சின் செலவு 40,000 ரூபாய் எனக் கொள்வோம். ஒரு சங்கம் 2,000 மீட்டர் கேட்டால், மீட்டர் ஒன்றுக்கு 20 ரூபாய் அச்சுக்கே போகும். நான்கு சங்கங்கள் கூடி 8,000 மீட்டர் கேட்டால் அச்சுச் செலவு மீட்டருக்கு 5 ரூபாயாகும். மேலும், ஒவ்வொரு முறை இயந்திரத்தைத் தொடங்கும்போதும் நிலைப்படும்வரை வருவது கழிவு. ஒரே ஓட்டத்தில் முடித்தால் அக்கழிவும் ஒரு முறையே. ஆனால் பணம் கொடுத்த அச்சு யாருடையது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்க. இல்லையேல் அடுத்த ஆண்டு அதே அச்சுக்கு மீண்டும் கூலி கொடுக்க நேரும்.

உழவர்க்கும் நெசவாளர்க்கும் ஓர் உறவு

சொட்டுநீர்க் குழாயின் பிறப்பு வியப்புக்குரியது. இஸ்ரேல் நாட்டு நீர்ப்பொறியாளர் சிம்கா பிளாஸ் என்பவர், நீரை நீண்ட நெளிவழியில் ஓடவிட்டு அதன் வேகத்தைத் தணித்துச் சொட்டாக்கும் முறையை வகுத்தார். 1965-இல் அங்குள்ள ஹட்சரிம் கூட்டுப்பண்ணையினர் அவரோடு சேர்ந்து அதனைத் தொழிலாக்கினர். கூட்டு முயற்சி ஒன்றே இதற்கு அடிகோலியது என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது. இன்று குழாயினுள்ளேயே சொட்டி அமைந்த வகை வருகிறது. குழாய் பிழியப்படும்போதே, அச்சின் நடுவழியாகச் சொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்துவர். சூடான உட்சுவரில் அவை ஒட்டிக்கொள்ளும். ஆறியபின் ஒவ்வொரு சொட்டிக்கும் நேராகத் துளையிடுவர்.

நெசவாளர் கையிலோடும் பாலியெஸ்டர் இழையும் இதே குடும்பத்தது. அங்கே அச்சு நுண்துளைகள் பல கொண்ட தகடு. ஏறத்தாழ 280 பாகை வெப்பத்தில் உருகிய பொருள் அத்துளைகளின் வழியே இழைகளாக இறங்கி, காற்றில் ஆறி, நீட்டி இழுக்கப்பட்டு வலுப்பெறுகிறது. குழாயும் நூலும் உடன்பிறப்புகளே.

சங்கங்கள் கவனிக்க வேண்டுவன

முதலாவது, தர எண். பி.வி.சி. குடிநீர்க் குழாய்க்கு ஐ.எஸ். 4985, நீர் வழங்கும் பாலிதீன் குழாய்க்கு ஐ.எஸ். 4984, பாசனப் பக்கக் குழாய்க்கு ஐ.எஸ். 12786, சொட்டி அமைந்த குழாய்க்கு ஐ.எஸ். 13488. உத்தரவில் இவ்வெண்ணையும், வெளி விட்டம், கனம், அழுத்த வகுப்பு ஆகியவற்றையும் எழுதுக. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை குழாயின் மீதே அச்சாகியுள்ளதா எனப் பார்க்க.

இரண்டாவது, கறுப்பு. பாலிதீன் வெயிலின் புறஊதாக் கதிரால் சிதைந்து நொறுங்கும். அதனைக் காப்பது நன்கு கலந்த கரித்தூள், 2 முதல் 3 விழுக்காடு. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் சாயம் சேர்த்தாலும் குழாய் கறுப்பாகவே தோன்றும். நாம் கண்ட குழாய் ஒடிந்ததற்குக் கனக் குறைவோடு இதுவும் காரணமாகலாம். கண்ணால் இதனை அறிய இயலாது. சோதனைச் சாலையே அறியும். சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கிவரும் சிப்பெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக் சோதனைக்கு வசதி உண்டு. பெருந்தொகைக் கொள்முதலுக்குச் சோதனைக் கட்டணம் சிறிய செலவே.

மூன்றாவது, நிறை. இது யாவரும் செய்யத்தக்க சோதனை. வெளி விட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, வந்ததைக் கனத்தால் பெருக்கி, அதனை 3.14-ஆல் பெருக்குக. ஒரு மீட்டர் குழாயில் உள்ள பொருள் அத்தனை கன சென்டி மீட்டர். கறுப்புப் பாலிதீனுக்கு அதனை 0.93-ஆல் பெருக்கினால் கிராம் கணக்கில் நிறை வரும். 16 மில்லி மீட்டர் விட்டமும் 1.2 மில்லி மீட்டர் கனமும் உள்ள குழாய், மீட்டருக்கு ஏறத்தாழ 52 கிராம். 100 மீட்டர் சுருள் 5.2 கிலோ. கனம் 1 மில்லி மீட்டராகக் குறைந்தால் சுருள் 4.4 கிலோவே. வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,700 மீட்டர் வேண்டும். அதில் மறையும் பொருள் ஏறத்தாழ 22 கிலோ. சங்கத்துத் தராசே இதனைக் காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, மிதப்பு. துண்டொன்றை நீரிலிடுக. பாலிதீன் மிதக்கும். பி.வி.சி. நீரினும் ஏறத்தாழ 1.4 மடங்கு அடர்த்தி உடையதாதலின் அமிழும். பாலிதீன் எனக் கூறி விற்றது அமிழ்ந்தால் ஐயுறுக. பி.வி.சி.யில் சுண்ணாம்புத் தூளை மிகுதியாகக் கலந்தால் நிறை கூடும், வலிமை குறையும். ஆதலின் நிறை கூடியதே நல்லது என்று முடிவு கட்டவும் வேண்டா. கனத்தை அளந்து, நிறையோடு ஒப்பிடுக. எரித்துப் பார்க்கும் வழக்கம் கூடாது, பி.வி.சி.யின் புகை நெஞ்சுக்குத் தீங்கு.

ஐந்தாவது, மாதிரி. ஏற்கப்பட்ட மாதிரித் துண்டு ஒன்றில் இருதரப்பினரும் கையொப்பமிட்டுச் சங்கத்தில் வைத்திருக்க. வந்த சரக்கை அதனோடு ஒப்பிட்ட பின்னரே பணம் கொடுக்க.

முடிவுரை

பயன் முடிந்த குழாயை வயலோரத்தில் எரிப்பதும் புதைப்பதும் தவறு. இது மெழுகு இனமாதலால் மீண்டும் உருகும். சங்கம் அதனைத் திரட்டி மறுசுழற்சிக்கு விற்றால் உறுப்பினர்க்குச் சிறு வருவாயும் நிலத்துக்குத் தூய்மையும் கிடைக்கும்.

நாம் முதலிற் கூறிய சங்கம் இப்போது திருந்திய உத்தரவுப் படிவம் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் பொருளைப் பற்றிய ஒரு வரி ஒன்பது வரிகளாக வளர்ந்துள்ளது. அடுத்து வந்த சரக்கில் மூன்று சுருள்களைத் தராசிலிட்டவர், முன்பு நம்மைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்ற அதே உறுப்பினர். அவற்றுள் ஒன்று குறைந்தது. விற்றவர் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார். முன்பு ஒடிந்த குழாய்க்கு ஈடு கிடைக்கவில்லை. அக்கடனை அவர் இன்றும் தவணையாகக் கட்டி வருகிறார். பிற சங்கங்களின் உறுப்பினர்க்கு அந்நிலை நேராதிருக்க, கொள்முதல் உத்தரவு எழுதும் நாளில் நிருவாகக் குழுவினர் ஒரு மணி நேரம் கூடுதலாக அமர்வார்களாக.